பெண்களுக்கு ஒதுக்கிய நேரம்

மேசைக்கு நடுவில் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சோடிச் சப்பாத்தை எடுத்து வைத்திருந்தாள் நல்லம்மா. நீலமும் வெள்ளையுமான, காலில் போட்டு ஓடுகிற சப்பாத்து. அடியில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் சப்பாத்து வைக்கக்கூடாது என்று அந்த வீட்டில் சட்டம் போட்டவளே அவள்தான். ஆனால் குற்றம் பெரிதாக இருக்கும்போது சின்னச் சட்டங்களைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளத்தானே வேண்டும்.

"இது ஆற்ற?"

முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் மருமகள் நிருஜா. குடையை மடக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"என்ர தான் மாமி."

"எங்க கிடந்தது தெரியுமோ? அரிசி வாளிக்குப் பின்னால. களவெடுத்த சாமான் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கிறாய்."

"நீங்கள் கண்டா ஏசுவியள் எண்டுதான்..."

"அப்ப ஏசுவன் எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்திருக்கிறாய். புருசன் செத்தவள் விடியக் காலமை ரவுசரும் போட்டுக்கொண்டு ஊர் சுத்தி ஓடுறாளாம் எண்டு சந்தையில சொல்லுறாளவை. எனக்கு மீன் வாங்கவும் மனமில்லை, திரும்பி வரவும் கால் வரேல்லை."

யன்னலோரச் சாய்மனைக் கதிரையில் நல்லம்மாவின் புருசன் தம்பையா இருந்தார். சனிக்கிழமை மைதானத் திறப்பு விழாவில் பேசுவதற்கு அவர் ஒரு உரை தயாரித்துக்கொண்டிருந்தார். 'ஆரோக்கியமான பெண்களே ஆரோக்கியமான சமுதாயத்தின் அத்திவாரம்' என்ற வரியில் நின்று, 'அத்திவாரம்' நல்லதா 'ஆணிவேர்' நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சப்பாத்து விசாரணை தொடங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார்.

"பிள்ளை, நடக்கிறது நல்லதுதான். நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா ஆர் நடக்கிறது, எங்க நடக்கிறது எண்டு ஒண்டு இருக்குத்தானே. வீட்டுக்குள்ள நட. விறாந்தையில இருந்து குசினிக்கு, குசினியில இருந்து கிணத்தடிக்கு. ஆர் வேண்டாமெண்டது?"

"அது நான் ஒவ்வொரு நாளும் நடக்கிறன்தானே மாமா. அப்பிடி நடந்துதான் சீனி ஏறியிருக்கு."

முப்பத்தாறு வயதில் தலைசுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம், சீனி வருத்தம் வாசல்படியில் வந்து நிற்கிறது, மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு ஆறுமாதம் வேகமாக நடந்து பார், ஓட ஏலுமென்றால் இன்னும் நல்லது என்று சொன்னார் டொக்டர். விதவைகள் நடக்கலாமா, எந்தப் பக்கம் பார்த்து நடக்கலாம் என்று அவர் விளக்கமாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் படிப்பு இல்லை.

நிருஜாவுக்கு ஓட்டம் புதிதுமல்ல. பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் மாகாணம் வரை போனவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டிய பெடியன்தான் தனோஜன், உதயதாரகை விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டக்காரன். அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் அவள் அவனைக் கலியாணம் முடித்தாள். முடித்த பிறகு, "இனி என்னத்துக்கப்பா ஓட்டம்?" என்று அவனும் அன்பாகத்தான் கேட்டான். அவன் ஓடினான். அவள் அவனுடைய ஜேர்சியைத் தோய்த்தாள். நாலு வருசத்துக்கு முன்னர் கப்பல்துறைப் பக்கம் கண்டி வீதியில் ஒரு லொறி அவனுடைய மோட்டார் சைக்கிளை இடித்தது. அதோடு தோய்க்கிற வேலையும் முடிந்தது.

அந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது நிருஜாவின் வீடு. நிலாவெளியில் ஆள் வைத்துக் கரைவலை இழுப்பித்த சம்மாட்டியாக இருந்த அவளின் தகப்பன், மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. தனோஜனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, தனியாக இருக்கிற பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று தம்பையாவும் நல்லம்மாவும் தங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். அன்று தொடங்கிய பாதுகாப்பு இன்றுவரை ஒரு நாளும் தளரவில்லை. காற்று வருகிற முன்னறையில் பாதுகாக்கிறவர்கள் படுத்தார்கள். பாதுகாக்கப்படுகிறவள் குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்தாள்.

தம்பையா துறைமுகக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உதயதாரகைக் கழகத்தின் போஷகர். வாழ்நாளில் கரம் பலகையில் ஒரு காய்கூடச் சுண்டியதில்லை என்றாலும், விளையாட்டுப் போட்டிகளில் முன்வரிசைக் கதிரையில் இருப்பதில் அவரை வெல்ல அந்த ஊரில் ஆளில்லை. கடற்கரைப் பக்கம் குப்பையும் பற்றையுமாகக் கிடந்த நகரசபைக் காணியைப் பொது மைதானமாக்க வேண்டுமென்று நடையாய் நடந்தவர் அவர்தான். அதை மறுக்கக்கூடாது. வெளிநாட்டு உதவி ஒன்று கிடைத்தது. சிவப்பு இறப்பர் போட்ட ஓடுபாதை, உடற்பயிற்சிப் பொறிகள், சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், ஆட்கள் இருந்து பார்க்கத் தகரக் கூரை போட்ட படிக்கட்டுகள் எல்லாம் வந்தன. ஓடுபாதைக்குத் தனோஜன் ஞாபகார்த்தப் பாதை என்று பெயர் வைக்கத் தீர்மானமானது. 'பொதுமக்கள் அனைவருக்கும்' என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை வாசலில் ஏறியது. திறப்பு விழா வைக்க முன்னரே ஆட்கள் வந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பலகைக்குக் கீழே பிறகு இன்னொரு சின்னப் பலகை ஏறியது. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம்: மு.ப. 11 தொடக்கம் 12 வரை.

இதைத் தீர்மானித்தது மைதானக் குழு. குழுவில் எல்லாரும் ஆண்கள். பெண்களின் கஷ்டம் அவர்களுக்குத்தானே தெரியும். காலையில் ஆண்கள் நடக்க வருவார்கள், ஆகவே பெண்களுக்குக் கூச்சம். பின்னேரத்தில் பெடியன்கள் பந்தடிக்க வருவார்கள், ஆகவே பெண்களுக்கு ஆபத்து. ஆண்பிள்ளை ஒருவனும் கால் வைக்காத நேரம் எதுவென்று நீண்ட நேரம் ஆராய்ந்து கண்டுபிடித்ததுதான் அந்த உச்சிவெயில் நேரம். அந்த நேரத்தில் இறப்பர் இளகி மணக்கும். திருகோணமலை நகரத்துக்குள் திரிகிற மான்கள்கூட வாகை மரத்தடிக்கு ஒதுங்கிவிடும். வீடுகளில் உலை கொதிக்கும். ஒரு பெண்ணும் அந்த நேரத்தில் வரவில்லை. "நாங்கள் நேரம் குடுத்தனாங்கள். அவையளுக்குத்தான் அக்கறையில்லை" என்று குழு வருத்தப்பட்டது.

அக்கறையுள்ளவர்கள் விடிகிற நேரத்தில் வந்தார்கள். பக்கத்து ஒழுங்கை ரிஸ்னாதான் நிருஜாவை முதலில் கூட்டிக்கொண்டு போனவள். அபாயாவும் சப்பாத்துமாகச் சுற்றிச் சுற்றி நடப்பாள்.

"எங்கட ஊட்டிலயும் பெரிய சண்டைதான்" என்று ரிஸ்னா நடந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். "புருசன் என்னோட கதைக்கவே இல்ல. பொறகு நான் சீனி பாக்கிற மெஷினக் கொண்டு அவர்ட விரலயும் ஒரு குத்துக் குத்தினன். என்னவிடக் கூடின சீனி அவருக்கு. இப்ப அவரும் நடக்காரு."

"எங்கட வீட்டில ஆற்ற விரலைக் குத்துறது?"

"குத்தாம உட்டா இப்பிடித்தான் ஒளிச்சு ஓடிக்கிட்டே இருக்கணும்."

அந்த நேரத்தில் மைதானத்தில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். பெண்மான் தனியே வந்தாலும், உன்ர துணை எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. மூன்று கிழமை அப்படிப் போனது. மூச்சு முட்டுவது குறைந்து, கால்கள் பழையதை ஞாபகப்படுத்திக்கொள்ளத் தொடங்கிய நேரத்தில்தான் சப்பாத்து மேசைக்கு வந்தது.

சப்பாத்தை நல்லம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். திறப்பு அவளுடைய சேலைத் தலைப்புக்குப் போனது.

வியாழக்கிழமை பின்னேரம் மைதானக் குழு கூடியது. எங்கே? நிருஜாவின் வீட்டு விறாந்தையில்தான். நிருஜா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஒன்றையும் ஒளித்துக் கதைக்கிற பழக்கமும் அவர்களிடம் இல்லை.

"விளக்கேத்துறது ஆர் ஆர்?" என்று ஒருவர் கேட்டார்.

"பிரதம விருந்தினர், அவர்ர மனிசி, நகரசபையால ஒராள், பிறகு நான்" என்றார் தம்பையா.

கழகச் செயலாளர் வினோஜன் இளம் பெடியன். தனோஜனோடு பந்தடித்தவன். அவனுக்கு இன்னும் குழுக்களில் எப்படிக் கதைக்கவேண்டும் என்று பழகவில்லை.

"நிருஜா அக்காவும் ஒரு திரி ஏத்தட்டுமே. தனோஜன் அண்ணற்ற பேரிலதானே பாதை."

விறாந்தையில் யாரோ செருமினார்கள்.

"தம்பி" என்றார் தம்பையா, மெதுவாக. "உம்மட மனம் எனக்கு விளங்குது. ஆனா நல்ல காரியம் தொடங்கேக்க ஒரு முறை இருக்கு. நானே தகப்பன். எனக்கில்லாத கவலையோ?"

"அப்ப அக்கா விழாவுக்கு வாறேல்லையோ?"

"வராம? வரத்தான் வேணும்! தனோஜன்ர படத்துக்கு மாலை போடேக்க அவ பக்கத்தில நிக்கவேணும். கொழும்பில இருந்து உதவி குடுத்த ஆக்கள் கமராவோட வருகினம். அவ அதில நிண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா, பாக்கிற ஆக்களுக்கு மனதில தொடும்."

"அப்ப விளக்கேத்தேக்க எங்க நிக்கிறது?"

"வெளியில ஓட்டோவில இருக்கட்டும். ஏத்தி முடிஞ்சோண்ண நீர் போய்க் கூட்டிவாரும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிருஜா தட்டத்தோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் கோப்பையை நீட்டினாள். வெறும் தட்டத்தோடு குசினிக்குத் திரும்பினாள்.

போகாமல் விட்டுவிடுவோமா என்று அன்றிரவு யோசித்தாள். ஆனால் தனோஜனுடைய படம் அங்கே இருக்கும். அதற்குப் பக்கத்தில் கழகத்து ஆட்களும் கொழும்புக் கமராவும் மட்டும் நின்றால் நல்லாயிருக்காது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை நல்லம்மா தெரிந்தெடுத்துக் கொடுத்த சேலை சந்தன நிறமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறத்தில் இருந்தது. மைதான வேலிக்கு வெளியே அன்ஸாரின் ஓட்டோவுக்குள் நிருஜா இருந்தாள். ராகுகாலம் தொடங்க முன்னர் விளக்கேற்றி முடிக்கவேண்டும் என்று தம்பையா பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்திருந்தார். பிரதம விருந்தினருக்கு அந்தப் பஞ்சாங்கம் அனுப்பிவைக்கப்படவில்லை போலிருக்கிறது. ராகுகாலம் பிறந்து, வளர்ந்து, நல்ல வாலிபத்தில் இருந்த நேரத்தில்தான் அவருடைய வாகனம் வந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெரிய மனிதர் வந்தால் ராகுகாலமும் எழும்பிக் கதிரை கொடுக்கும்.

"என்ன தங்கச்சி, உள்ளுக்குப் போகல்லயா?" என்று கேட்டார் அன்ஸார்.

"விளக்கு எரியவேணும் அண்ணன்."

"எரிஞ்சா?"

"எரிஞ்ச பிறகு நான் போனா அணையாதாம்."

அன்ஸார் கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு, துடைத்து முடித்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

வினோஜன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. படத்துக்கு மாலை போட்டார்கள். நிருஜா பக்கத்தில் நின்றாள். கமரா ஆயத்தமாக இருந்தது. கண்ணீர் மட்டும் வரவில்லை. படத்தில் தனோஜன் ஜேர்சியோடு நின்றான். அந்த ஜேர்சியின் கழுத்தில் இருந்த கறையைப் போக்க எவ்வளவு தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தாள் என்பதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முன்வரிசையில் ஓரக் கதிரையைக் காட்டினார்கள். இருந்தாள்.

தம்பையாவின் உரை நடந்தது. கடைசியில் 'அத்திவாரம்'தான் வென்றிருந்தது.

பிறகு போட்டிகள். ஆண்கள் ஓடினார்கள், பெடியன்கள் ஓடினார்கள், நகரசபை ஊழியர்கள் கயிறு இழுத்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான மூன்று சுற்று ஓட்டம். இதைக் குழு ஆசைப்பட்டு வைக்கவில்லை. உதவி கொடுத்தவர்கள் பெண்களும் பங்குபற்றவேண்டும், அதைப் படமெடுக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆண்களுக்குக் கிண்ணம். பெண்களுக்குச் சோறு சமைக்கிற மின்சாரப் பானை. ஓடிக் களைத்தவள் வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்பது குழுவுக்குத் தெரியும்.

தொடக்கக் கோட்டில் இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒன்று ரிஸ்னா. மற்றது சந்தையில் மீன் விற்கிற புஸ்பராணி. பானைக்காகத்தான் வந்தேன் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு நின்றாள். மற்றப் பெண்கள் படிக்கட்டில் நிறைந்துதான் இருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு புருசனோ தமையனோ மாமியோ இருந்தார்கள்.

கமராவோடு வந்த பெண் தம்பையாவிடம் வந்து ஏதோ கேட்டாள். இரண்டு பேரை வைத்துப் படமெடுத்தால் கொழும்பில் சிரிப்பார்கள் என்பதுபோல் இருந்தது அவளுடைய முகம். வினோஜன் ஒலிபெருக்கியில் கெஞ்சினான். "இன்னும் ஒராளாவது வாங்கோ! மூண்டு பேர் இல்லாட்டிப் போட்டி வைக்க ஏலாது!" ஒருவரும் அசையவில்லை. பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். தம்பையாவால் பொறுக்கமுடியவில்லை. ஒலிவாங்கியைத் தானே பறித்தெடுத்தார்.

"எங்கட தாய்மாரே! சகோதரிகளே! என்ன தயக்கம்? பெண்கள் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்த காலம் மலையேறிப் போச்சு! ஆர் என்ன சொல்லுவினமோ எண்டு பயப்பிடவேண்டாம். சொல்லுறவன் சொல்லட்டும். இது உங்கட மைதானம்! தைரியமுள்ள ஒரு பெண்ணாவது இந்தத் திருகோணமலையில இல்லையோ?"

முன்வரிசை ஓரக் கதிரையிலிருந்து நிருஜா எழும்பினாள்.

செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தாள். முன்மடிப்புகளைச் சேர்த்துத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகினாள். தலைப்பைச் சுற்றி முடிந்துகொண்டாள். தம்பையாவின் வாய் திறந்தபடி இருந்தது. ஒலிவாங்கி அந்த வாய்க்கு நேரே இருந்தது. அதில் எதைச் சொன்னாலும் துறைமுகம் வரைக்கும் கேட்கும். அவர் வாயை மூடினார்.

"நிருஜா!" என்று பின்வரிசையிலிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. கைதட்டலில் அது அமிழ்ந்துபோனது.

விசில் ஊதினார்கள். புஸ்பராணி வலையை இழுக்கிறவள்போல் உடம்பை முன்னுக்குச் சரித்துக்கொண்டு பாய்ந்தாள். முதல் சுற்றில் சேலை நிருஜாவின் முழங்காலைத் தட்டித் தட்டித் தடுத்தது. இறப்பர் வெறுங்காலைச் சுட்டது. இரண்டாம் சுற்றில் மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது. கடல் பக்கம் திரும்புகிற வளைவில் காற்று நேராக வந்து முகத்தில் அடித்தது. எல்லாச் சத்தமும் தூரமாகப் போய்விட்டது. தன் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பதினேழு வயதில் கேட்ட அதே சத்தம். மூன்றாம் சுற்றில் ரிஸ்னாவைத் தாண்டினாள். "ஓடு நிருஜா, ஓடு!" என்று ரிஸ்னா மூச்சிரைக்கக் கத்தினாள். புஸ்பராணியைப் பிடிக்க முடியவில்லை. புஸ்பராணிக்குப் பானை கிடைத்தது. நிருஜாவுக்குச் சுடுதண்ணிப் போத்தல்.

தனோஜனின் பெயர்ப் பலகைக்கு முன்னால், தலை கலைந்து, சேலை செருகியபடி, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைக் கமராக்காரி படமெடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நல்லம்மா கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

"என்ர பிள்ளையின்ர படத்துக்கு மாலை போட்டு, பூவும் வாடேல்ல. அதுக்கு முன்னால நிண்டு சிரிச்சுக்கொண்டு ஓடினியே."

"சிரிக்கேல்ல மாமி. மூச்சு வாங்கினது."

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் கைதட்டினது மாமி. நீங்களும் கேட்டனீங்கள்தானே."

நல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நிருஜாவுக்கு அவளைப் பார்க்கக் கவலையாகத்தான் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த மனுசி. ஆனால் அந்தத் துக்கத்தை அடைத்துவைக்க இன்னொருத்தியின் கால்கள்தானா கிடைத்தன?

தம்பையா நேராக விசயத்துக்கு வந்தார்.

"எங்கட மானம் கடலோட போட்டுது. இனி இந்த வீட்டில எங்களால இருக்க ஏலாது. நாங்கள் வெளிக்கிடுறம்."

முன்பு இரண்டு மூன்று தரம் இதே வசனம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் நிருஜா அழுது காலில் விழுந்திருக்கிறாள். இன்று களைப்பாக இருந்தது.

"ஓம் மாமா. அன்ஸார் அண்ணன்ர ஓட்டோவுக்குச் சொல்லட்டோ? அலுமாரியை லாண்ட்மாஸ்டர் மெஷின்ர பெட்டியிலதான் ஏத்தவேணும். அதுக்கு முன்னம் மாமி என்ர சப்பாத்தை எடுத்துத் தந்தா நல்லது."

தம்பையா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். வாடகைக்குக் கொடுத்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அடுத்து என்ன நடந்திருக்குமோ தெரியாது, நல்லவேளையாகத் தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து கழகத்தின் பழைய ஆள் ஒருவர்.

"ஐயா, பேஸ்புக்கில படம் பாத்தன்! நல்ல வேலை செய்தீங்கள்! மருமகளை இப்பிடி முன்னுக்குக் கொண்டுவர எங்கட ஆக்களில ஆருக்கு மனம் வரும்?"

தம்பையா நிமிர்ந்து இருந்தார். "என்ன செய்யிறது தம்பி... நாங்கள்தானே வழிகாட்டவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு லண்டன் அடித்தது, பிறகு மட்டக்களப்பு. பத்திரிகையில் 'மாமனாரின் ஊக்குவிப்பில் மீண்டும் களமிறங்கிய மருமகள்' என்று தலைப்பிட்டுப் படம் வந்தது. கிழமை முடிவதற்குள் அந்த ஓட்டம் தம்பையா போட்ட திட்டமாகிவிட்டது. "அவளுக்கு விருப்பமில்லை. நான்தான் விடாப்பிடியா நிண்டனான்" என்று விறாந்தையில் வந்தவர்களுக்குச் சொன்னார். அப்படிச் சொன்ன பிறகு சப்பாத்தைப் பூட்டிவைக்க முடியாதல்லவா? நல்லம்மா அலுமாரியைத் திறந்து, இரண்டு விரலால் அதைத் தூக்கிக் குசினி வாசலில் வைத்தாள். நிருஜா விடியக்காலையில் ஓடப் போனாள். சின்னப் பலகையில் பெண்களின் நேரம் மட்டும் பதினொன்றிலிருந்து அசையவில்லை. அதை மாற்றக் குழு கூடவேண்டும். குழுவுக்கோ பாராட்டுக் கூட்டங்களுக்குப் போகவே நேரம் போதவில்லை.

பெப்ரவரி கழிந்தது. மகளிர் தினத்துக்கு நகரத்துப் பெண்கள் அமைப்பு ஒன்று தம்பையாவுக்குப் பொன்னாடை போர்க்க முடிவு செய்தது. 'பெண்கள் முன்னேற்றத்தின் காவலர்' என்று பட்டம். அழைப்பு வந்த நாளிலிருந்து நல்லம்மா வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். அன்று காலை புறப்பட நல்ல நேரமும் பார்த்து வைத்தாள். அன்ஸாரின் ஓட்டோ படலைக்கு வெளியே வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் நிருஜா ஓடி முடித்து, வியர்வையோடு ஒழுங்கைக்குள் திரும்பினாள். படலையில் கை வைத்தாள்.

"அங்க நில்!" விறாந்தையிலிருந்து நல்லம்மா பதறினாள். "உள்ளுக்க வராத! வீட்டுக்குப் பின்னால ஊத்தைத்தண்ணிக் கானோரத்தால சுத்தி வா. மாமா நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுறார். முதல் முகமா, முழுவியளத்துக்கு நீயோ வந்து நிக்கிறது?"

தம்பையா படியில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக நின்றார். வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றியில் நீறு. நிருஜாவைக் கண்டதும் கண்களை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார், தன்மையாக. "மாமி சொல்லுறபடி கொஞ்சம் பின்னால போய் நில். நான் போன பிறகு வாவன்."

நிருஜா வீட்டுக்குப் பின்னால் போகிற கானைப் பார்த்தாள். பிறகு படலையை முழுதாகத் திறந்து, நடுவில் வந்து நின்றாள்.

"போட்டு வாங்கோ மாமா. நேரம் போகுது. அங்க பெண்டுகள் எல்லாம் பாத்துக்கொண்டிருப்பினம்."

தம்பையா காலை எடுத்தார். உள்ளே போனார். அபசகுனம் கண்டால் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டால் சரிவரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. குடித்தார். வெளியே வந்தார். நிருஜா அங்கேயே நின்றாள். படலைத் தூணில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, குதியை நிலத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். தம்பையா திரும்பவும் உள்ளே போனார்.

"என்ன தங்கச்சி நடக்குது?" என்று அன்ஸார் ஓட்டோவுக்குள்ளிருந்து கேட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு மீசையில் தெரிந்தது.

"ஓடி முடிஞ்சோண்ண இருக்கக்கூடாது அண்ணன். காலை நல்லா இழுத்து விடவேணும். இல்லாட்டிப் பிடிச்சுக்கொள்ளும்."

"அப்ப ஐயா?"

"அவர் தண்ணி குடிக்கிறார்."

உள்ளே தொலைபேசி அடித்தது. தம்பையாவின் மேடைக் குரல் படலை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஓம் பிள்ளையள், ஓம்... எல்லாரும் வந்திட்டினமோ? நான் வெளிக்கிட்டிட்டன். ஓமோம், ஓட்டோவும் வந்து நிக்குது. வாசலில ஒரு சின்னத் தடங்கல், வேற ஒண்டுமில்லை..."

தடங்கல் காலை மாற்றி, மற்றக் காலை நீட்டியது.